சொல்விளம்பி: போதையின் குழூஉக்குறியும் வீட்டாரின் காதும்

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் குழூஉக்குறி நினைவிருக்கும். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் இயற்பெயரை ஒதுக்கிவிட்டுத் தங்களுக்குள் மட்டும் விளங்கும் வேறு பெயரால் அதை வழங்குவது அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று நன்னூல் உரைகளில் உதாரணம் வரும். கூடவே இன்னொன்றும் வரும். வேடர்கள் கள்ளுக்கு வைத்த பெயர் 'சொல்விளம்பி'. குடித்தவன் மனத்தில் கிடப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். ஆக, தமிழ்ப் பிள்ளை வகுப்பறையில் முதன்முதலாகக் கற்கும் ரகசியச் சொற்களில் ஒன்று போதைப்பொருளின் ரகசியப் பெயர். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று கொண்டால், இந்தப் பழக்கத்துக்கு நம் மொழியில் வயது குறைவில்லை.

நன்னூல் குழூஉக்குறியைத் தனியாக வைக்கவில்லை. இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடும் சேர்த்துத் 'தகுதி வழக்கு' என்ற ஒரே தலைப்பில் வைத்தது. அதற்குப் பொருள் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மொழியியலாளர் ஹாலிடே 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இப்படிப்பட்ட பேச்சை 'எதிர்மொழி' என்றார். சமூகத்துக்குள்ளேயே அதற்கு எதிராக நிற்கும் ஒரு சிறு கூட்டம் தனக்கென்று ஆக்கிக்கொள்ளும் மொழி. அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று நம் நாட்டு ஆய்வு: கல்கத்தாவின் நிழலுலகப் பேச்சைப் பற்றி பக்திபிரசாத் மல்லிக் செய்தது. அந்தப் பேச்சில் வெடிகுண்டுக்கு 21 சொற்கள், போலீசுக்கு 41 சொற்கள். ஒரு பொருளுக்கு ஒரு ரகசியப் பெயர் போதாதா? மறைப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் போதும். ஆனால் சொல் வெளியே கசிந்ததும் பழசாகிவிடுகிறது. புதுச்சொல் கண்டுபிடிப்பவனுக்குக் கூட்டத்தில் மதிப்பு ஏறுகிறது. அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்பவன்தான் உள்ளாள். ரகசியம் காப்பதைவிட 'நீ எங்களில் ஒருவனா' என்று சோதிப்பதற்கே அந்தச் சொற்கள் அதிகம் பயன்படுகின்றன. பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இங்கே நான் மனத்தில் வைத்துப் பேசுவது சென்னையின் மேற்குப் பக்கத்து வீடுகளை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. அம்பத்தூர் 1960-களில் எழுந்த தொழிற்பேட்டை. ஆவடி 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையையும், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் 'டேங்க் பேக்டரி'யையும், அதைச் சுற்றிய பாதுகாப்புப் படை முகாம்களையும் கொண்டு வளர்ந்த ஊர். பூந்தமல்லி பெங்களூர் சாலையின் வாசல். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிகள், நடுநடுவே பொறியியல், மருத்துவக் கல்லூரிகள். மூன்று ஊர்களும் ஷிப்டு ஊர்கள். அப்பா நைட் ஷிப்டு முடித்து வந்து படுக்கும்போது பிள்ளை கிளம்புகிறான். அம்மா காலையிலேயே கம்பெனி பஸ் ஏறுகிறாள். வீட்டில் நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் மணி நேரங்கள் மிகக் குறைவு. பிள்ளை வாயில் புதிதாக ஒரு சொல் வந்தால் அதைக் கேட்க ஒரு காது வேண்டுமே! இந்தப் பகுதியில் முதல் சிக்கல் அதுதான் என்பது என் கணிப்பு.

2022 ஜனவரி 1 அன்று ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. அம்பத்தூர், பூந்தமல்லி மட்டுமின்றி, கொல்கத்தா நெடுஞ்சாலை நகருக்குள் நுழையும் செங்குன்றமும் அதன் எல்லையில் வருகிறது. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா தமிழகத்துக்குள் வரும் வழிகளில் அந்தச் சாலை முக்கியமானது. அதே ஆண்டு மார்ச் முதல் மாநிலம் முழுக்க 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை 2.0' நடந்தது, ஆகஸ்டில் முதலமைச்சர் தலைமையில் போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு காவல்துறைச் செய்திக்குறிப்புகள் வழியாகவே பல சொற்கள் பொதுமக்கள் காதுக்கு வந்து சேர்ந்தன.

அந்தச் சொற்கள் என்னென்ன? கஞ்சாவுக்குப் 'பொட்டலம்' பழைய சொல். அதைப் புகைக்கும் குழலுக்குத் தாத்தா காலத்தில் வழங்கிய 'சிலும்பி'யும் அப்படியே. இன்றைய கல்லூரிப் பையன் 'ஸ்டஃப்' என்பான், வாங்குவதை 'ஸ்கோர்' பண்ணுவது என்பான், சுருட்டும் மெல்லிய தாளை அதன் பிராண்டு பெயரால் 'ஓசிபி' என்பான். எல்எஸ்டி தடவிய சிறு தாள் துண்டு 'ஸ்டாம்ப்'. மெத்தபெட்டமைன் 'மெத்' அல்லது 'ஐஸ்'. 2022-இல் தாய்லாந்து கஞ்சா மீதான தடையைத் தளர்த்தியபின் பாங்காக் விமானங்களில் சென்னைக்குக் கடத்திவரப்படும் உயர்ரகக் கஞ்சா 'ஹைட்ரோ'. மண்ணில்லாமல் நீரில் வளர்ப்பதால் அந்தப் பெயர். இவையெல்லாம் காதில் விழுந்தால் ஓரளவு உறுத்தும் சொற்கள். பிள்ளையிடம் பணப்புழக்கமும் இருந்தால் இன்னும் உறுத்த வேண்டியவை.

உறுத்தாத சொற்கள் வேறு இருக்கின்றன. எனக்கு அவற்றின் மீதுதான் பயம் அதிகம்.

'சாக்லேட்' அவற்றில் ஒன்று. தொழிற்பேட்டை ஓரத்து அறைகளில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக இங்கே வந்து சேர்ந்த கஞ்சா சாக்லேட்டுகள் அம்பத்தூர், ஆவடிப் பகுதிப் பெட்டிக்கடைகளில் பிடிபடுவது செய்தித்தாளில் வாடிக்கை. (உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற இடங்களில் கஞ்சாச் செடியின் இலையில் செய்யும் பாங்கு அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கும் பொருள். செடியின் இலையை மட்டும் எடுத்தால் அது போதைப்பொருள் சட்டம் சொல்லும் 'கஞ்சா'வுக்குள் வராது. பூவும் காயும் கொண்ட நுனிதான் வரும். ஆகவே பிடிபட்ட பொருள் எது என்பது ஆய்வகம் சொன்ன பிறகே தெரியும். ஊர் விட்டு ஊர் வந்து பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவனை மட்டும் குற்றவாளியாக்கி எழுதும் செய்திகளில் எனக்கு உடன்பாடில்லை.) ஆனால் அதே கடையில் எட்டாம் வகுப்புப் பையன் 'சாக்லேட்' கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்?

'சொல்யூஷன்' இன்னொன்று. பஞ்சர் கடைக்காரர் டியூபில் தடவும் பசை. பத்து ரூபாய், இருபது ரூபாயில் கிடைப்பதை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் சிறுவர்கள் ரயில்வே ஸ்டேஷன் ஓரங்களில் இன்றும் உண்டு. எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதை மருந்துச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடுதழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரே வகை இந்த முகரும் போதைதான்: சிறுவரில் 1.17 விழுக்காடு, பெரியவரில் 0.58. அப்படியோர் ஆய்வு நடத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் 2016-இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டிருந்தது. 'கூல்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலமும் இதே ரகம். உதட்டுக்குள் அடக்கிக்கொண்டால் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளிடம் அது பரவியதைக் கண்டு, அதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கேள்வி எழுப்பியது.

எல்லாவற்றிலும் சாதாரணமான சொல் 'மாத்திரை'. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சென்னையின் போதை வரலாற்றில் நீண்ட நூலொன்று இந்தச் சொல்லில் வந்து முடிகிறது.

1980-களில் சென்னை அறிந்த பெரும்போதை 'பிரவுன் சுகர்', அதாவது தரம் குறைந்த ஹெராயின். அலுமினியத் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுப்பார்கள். 1990-களில் அவர்களில் பலர் ப்யூப்ரெனார்பின் என்ற வலி நிவாரணியை ஊசியாக ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். மருந்துக்கடையில் கிடைத்தது, விலை குறைவு. ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தன.  பிறகு டிரமடால் வந்தது. அதை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் சந்தை டேபென்டடால் என்ற அடுத்த வலி நிவாரணிக்கு நகர்ந்தது. இதோடு தூக்க மாத்திரையான நைட்ரசெபமும் சேர்ந்துகொண்டது. இன்று சென்னைச் செய்திகளில் 'உடல்வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்ற கும்பல்' என்று வருவது பெரும்பாலும் இவற்றைத்தான். டேபென்டடால் இங்கே மட்டும் தலைவலியாகவில்லை. அதோடு கேரிசோப்ரடால் சேர்த்து இந்திய நிறுவனமொன்று தயாரித்த மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் போதையாக விற்கப்படுவதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொண்டுவந்த பின்தான் அந்தக் கூட்டு மருந்தின் ஏற்றுமதியை நம் அரசு நிறுத்தியது.

இந்த வரலாற்றில் சொற்களைக் கவனியுங்கள். 'பிரவுன் சுகர்' என்று யார் சொன்னாலும் அன்று பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். 'ஒரு அட்டை மாத்திரை வாங்கிட்டு வா மச்சான்' என்றால் இன்று பெற்ற தாயும் திரும்பிப் பார்க்க மாட்டாள். காய்ச்சலுக்கும் அதே சொல், சர்க்கரைக்கும் அதே சொல். குழூஉக்குறி தேவையே இல்லாத போதை இது. பொதுச்சொல்லே அதற்கு முகமூடி.

இப்படியிருக்க, 'ரகசியச் சொற்களின் பட்டியல்' ஒன்றை நோட்டீஸ் அடித்துப் பெற்றோர் கையில் கொடுத்தால் எவ்வளவு பயன்? அமெரிக்காவின் போதைப்பொருள் தடுப்பு முகமை பல ஆண்டுகளாக அப்படிப் பட்டியல் வெளியிட்டு வருகிறது, நூற்றுக்கணக்கான சொற்கள். 2021-இல் பிள்ளைகள் செல்போனில் அனுப்பும் எமோஜி படங்களுக்கும் பட்டியல் போட்டார்கள். ஆனால் அதே தாளில் ஓர் எச்சரிக்கையையும் அச்சிட்டார்கள்: எமோஜியை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம், நடத்தையிலோ தோற்றத்திலோ பணத்திலோ மாற்றமும் சேர்ந்து தெரிந்தால் பேச்சைத் தொடங்குங்கள். பட்டியல் போட்டவர்களுக்கே பட்டியலின் எல்லை தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் அந்த எல்லை நீதிமன்றத்தில் தெரிந்தது. 2021 அக்டோபரில் மும்பை கப்பல் விருந்து தொடர்பாக நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கான் கைதானபோது, அவரிடம் போதைப்பொருள் எதுவும் பிடிபடவில்லை. வழக்கு வாட்ஸ்அப் உரையாடல்களையே பெரிதும் நம்பியிருந்தது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாரக்கணக்கில் தொலைக்காட்சிகள் அகராதி எழுதின. ஜாமீன் தந்த மும்பை உயர்நீதிமன்றம் அந்த உரையாடல்களில் சதியைக் காட்டும் எதுவும் இல்லை என்றது. 2022 மே மாதம் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமலே விட்டது. பயிற்சி பெற்ற அதிகாரிகளே சொல்லை வைத்துச் சறுக்கினார்கள் என்றால், ஆவடியில் ஒரு தாய் மகனின் செல்போனை ராத்திரி திறந்து பார்த்து எடுக்கும் முடிவு எப்படியிருக்கும்?

அதுபோக சினிமா இருக்கிறது. 'கைதி'யும் (2019) 'விக்ர'மும் (2022) போதைக் கடத்தலைக் கதையின் மையத்தில் வைத்த படங்கள். அவற்றைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் அந்தப் பேச்சைப் பேசிப் பார்ப்பார்கள், மீம் போடுவார்கள். கானா பாட்டிலிருந்து 'மப்பு', 'மட்டை', 'கட்டிங்' எல்லாம் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவன் வாயிலும் புரளும். ஆகவே சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது எதற்கும் சாட்சியாகாது.

அப்படியானால் காதைப் பொத்திக்கொள்ளலாமா? கூடாது. எந்தச் சொல் என்பதைவிட அது எப்படி வழங்குகிறது என்பதைக் கேட்க வேண்டும். விளையாட்டாகப் பேசுபவன் அந்தச் சொல்லை எல்லார் முன்னாலும், உரக்க, சிரிப்போடு சொல்வான். பழகியவன் பேச்சில் அது கணக்கோடு வரும்: எத்தனை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கையில், மீதிப் பணம் எப்போது. குரல் தாழும், நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் வாக்கியம் பாதியில் நிற்கும். இன்னும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. நேற்றுவரை சிரித்துக்கொண்டே 'ஸ்டஃப்' என்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று அந்தச் சொல்லை அறவே விட்டுவிடுகிறான், யாராவது சொன்னாலும் பேச்சை மாற்றுகிறான் என்றால், அதையும் கவனிக்க வேண்டும். சொல் வருவதைப் போலவே சொல் காணாமல் போவதும் செய்திதான்.

காது கேட்டதைக் கண் உறுதி செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை. மருந்துச்சீட்டு இல்லாத மாத்திரை அட்டைகள், பையில் காரணமில்லாமல் கண்ணில் விடும் சொட்டு மருந்து. கஞ்சா என்றால் சிவந்த கண்ணும் நேரங்கெட்ட நேரத்துப் பசியும் மெல்ல மெல்லப் படிப்பிலும் நட்பிலும் வரும் அசட்டையும். மெத் என்றால் இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாத சுறுசுறுப்பு, பிறகு அடித்துப்போட்ட தூக்கம், எடை இறக்கம், இல்லாததைச் சந்தேகிக்கும் குணம். வலி நிவாரணி வகை என்றால் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும். கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், உடம்பு சிலிர்க்கும், வயிற்றுப்போக்கு, கைகால் குடைச்சல். இந்தக் கடைசி நிலையைத்தான் வீடுகளில் 'வைரல் காய்ச்சல்' என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். மறுநாள் வெளியே போய்வந்ததும் காய்ச்சல் பறந்துவிடுகிறது! மாதத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஒரு 'வைரல்' வந்துபோனால் யோசிக்கத்தான் வேண்டும். இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. தேர்வு பயமும் மனச்சோர்வும் காதல் தோல்வியும்கூட இதே முகங்களைக் காட்டும். நாலைந்து சேர்ந்து வரும்போது, அதிலும் வீட்டுப் பணமோ பொருளோ காணாமல் போகும்போது, மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

இனி நன்னூலுக்குத் திரும்பலாம். பிள்ளை குழூஉக்குறியில் பேசுகிறான் என்று நாம் குறைப்படும்போது, வீடு எந்த மொழியில் பேசுகிறது? 'அவனுக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்கு.' 'சேர்க்கை சரியில்ல.' 'உடம்புக்கு முடியல, காலேஜ் போகல.' இவை அத்தனையும் இடக்கரடக்கல். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடுவது. அத்தை மகளின் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று உறவினர் கேட்டால் தாய் சொல்லும் பதிலும், மகன் நண்பனிடம் தாழ்ந்த குரலில் கேட்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இருவரும் ஒரே பொருளை இரண்டு பக்கமிருந்து மூடுகிறார்கள். உயிர் போன பிறகு 'ஹார்ட் அட்டாக்' என்று போஸ்டர் ஒட்டும்போது மூன்றாவதான, அமங்கலத்தை நல்ல சொல்லால் மூடும் மங்கலமும் சேர்ந்துவிடுகிறது. மூன்றையும் ஒரே தலைப்பில் வைத்த இலக்கணத்துக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டாரின் இந்தக் கூச்சத்துக்கு ஊரும் பொறுப்பு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் எட்டும் தூரத்தில் உள்ள பெரிய அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 1794-இல் தொடங்கியது, போதை மீட்புப் பிரிவும் உண்டு. ஆனால் நம் பேச்சிலும் சினிமா நகைச்சுவையிலும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல். பிள்ளையை அங்கே கூட்டிப்போவது என்றால் குடும்பத்துக்கே பட்டம் கட்டியதுபோல. போதைக் கும்பல் உண்டாக்கிய எந்தச் சொல்லைவிடவும், சாதாரண மக்களாகிய நாம் உண்டாக்கிய இந்த ஒரு சொல் அதிகம் பேரைச் சிகிச்சையிலிருந்து தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன 2019 ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

சரி, சந்தேகம் வலுத்துவிட்டது, எப்படிப் பேசுவது? நம் வழக்கமான வழி இரண்டு. ஒன்று, சித்தப்பா, மாமா எல்லாரையும் கூட்டி நடுவில் நிறுத்தி விசாரிப்பது. இரண்டு, கண்டும் காணாமல் இருப்பது. மது அடிமைகளின் குடும்பங்களை வைத்து மில்லர், மையர்ஸ், டானிகன் மூவரும் 1999-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இங்கே பயன்படும். கூட்டமாகச் சேர்ந்து எதிரில் உட்காரவைத்து வற்புறுத்தும் முறையில் 30 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தார் தங்களை மட்டும் கவனித்துக்கொண்டு ஒதுங்கும் முறையில் 13 விழுக்காடு. போதையில் இல்லாத வேளையில் அன்பாகப் பேசுவது, தெளிவாக இருக்கும் நாளை வீட்டில் இனிமையாக்குவது, போதையில் செய்த வினையின் பலனை அவனே அனுபவிக்க விடுவது, அவன் மனம் இளகிய நேரம் பார்த்துச் சிகிச்சையை எடுத்துச் சொல்வது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்த முறையில் 64 விழுக்காடு. அமெரிக்கக் குடும்பம் வேறு, நம் குடும்பம் வேறுதான். ஆனால் சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையும் நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவருகிறது. போதை ஒருவனை மட்டும் பிடிப்பதில்லை என்பதை அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பேச்சை அவன் சொல்லிலிருந்து தொடங்காதீர்கள். 'ஸ்டஃப்னா இன்னாடா? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?' என்று தொடங்கினால் அவன் சொல்லை மாற்றிக்கொள்வான். அதற்கு ஒரு நாள்கூட ஆகாது. உங்களுக்கு அகராதி பழசாகும், அவனுக்குக் கதவு மூடும். நீங்கள் கண்டதிலிருந்து தொடங்குங்கள்: 'மூணு நாளா நீ தூங்கலையே கண்ணு, உடம்பு இளைச்சிருக்கே, எனக்குப் பயமா இருக்குடா.' அவன் பொய் சொல்லலாம். சொல்லட்டும். இன்னொரு நாள் மறுபடி சொல்லுங்கள்.

வெளியே சொன்னால் போலீஸ் வந்துவிடுமோ என்ற பயம் பல வீடுகளில் வாயைக் கட்டுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். மருத்துவரிடம் சொல்வது ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்குத்தான் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும்.

எங்கே சேர்ப்பது என்பதில் அவசரம் வேண்டாம். 'நாங்களே வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம்' என்று சொல்லும் தனியார் மறுவாழ்வு மையங்கள் நகரிலும் புறநகரங்களிலும் உண்டு. 2022-இல் ராயப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டார். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் வருகிறாரா, நோயாளியை நீங்கள் நேரில் பார்க்க அனுமதி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வராத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். இன்னொன்று: வலி நிவாரணி, ஹெராயின் வகை அடிமைகள் சில வாரம் விட்டிருந்துவிட்டு மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. 'முப்பது நாள் இருந்துவிட்டு வந்தான், சரியாகிவிட்டான்' என்று நிம்மதி அடையும் நேரம் அதுவன்று.

தமிழக அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. அங்கே சிகிச்சைக்குப் பணம் இல்லை. நேரில் போகத் தயக்கமிருந்தால் வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416. மாநில சுகாதார உதவி எண் 104. பெயர் சொல்லாமல், 'என் பையன் மாத்திரை போடுகிறான் என்று நினைக்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தோடு தொடங்கினாலும் மறுமுனையில் இருப்பவர் மேற்கொண்டு கேட்பார்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் ஏற்கெனவே இருந்தால், உறவினரிடம் 'உடம்பு சரியில்லை' என்று அடுத்த முறை சொல்வதற்கு முன்னால் அந்த எண்களில் ஒன்றை அழையுங்கள்.